மூணு மிளகாய்

தம்பி, எலுமிச்சம்பழத்த மோந்து பாத்தா வாந்தி நிக்காது. அது சும்மா மனசுக்கு. இந்தப் பஸ்ஸு மலையெறங்கி வத்தலகுண்டு போற வரைக்கும் இன்னும் எவ்வளவு வளைவு இருக்கு, எத்தன தடவ மோந்து பாப்பீங்க? இந்தாங்க, இத ஒரு மூடி குடிங்க. பயப்படாதீங்க, மருந்தெல்லாம் இல்ல. மிளகாய் ஜெல்லி, எலுமிச்சச் சாறு, தண்ணி. நானே கலந்து கொண்டாந்தது. குடிங்க. ஆங், அப்படித்தான். மொதல்ல இனிக்கும். பேசாம இருங்க, காரம் பின்னாடிதான் ஏறும். மத்த காரமெல்லாம் எடுத்த எடுப்புல மண்டையில அடிக்கும். இது அப்படி இல்ல. விருந்தாளி மாதிரி வாசல்ல செருப்பக் கழட்டி வச்சிட்டு மெதுவாத்தான் உள்ள வரும்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். அம்மாவப் பாக்கப் போறீங்களா? நல்லது. நான் என் சம்சாரத்தப் பாக்கப் போறேன். பிலோமினான்னு பேரு. மக வீட்டுல இருக்கா. மே மாசம் போனவ. இப்ப ரெண்டாம் சீசன் வரப் போகுது, இன்னும் வந்த பாடில்ல. ஒரு மனுசன் எத்தன நாளைக்குத்தான் தனியா பொங்கித் திங்கிறது, சொல்லுங்க.

என் பேரு சூசை. கொடைக்கானல்ல ஏரிப் பக்கம் கடைகள்ல 'சூசை ஜெல்லி'ன்னு சின்னச் சின்னப் பாட்டில் பாத்திருப்பீங்க. பாக்கலையா? செவப்பு மூடி. பாத்திருப்பீங்க, மறந்திருப்பீங்க. சின்ன வயசுல ஒரு வெள்ளக்காரம்மா பங்களாவுல சமையக்கட்டு வேல பாத்தேன். அந்தம்மா செய்யிறதப் பாத்துப் படிச்சது. ஒண்ணும் பிரம்ம வித்த இல்ல. கொய்யாக்காய வேகவச்சு வடிச்ச தண்ணி, சீனி, வினிகர், பொடிசா நறுக்கின குடமிளகாய், அப்பறம் காந்தாரி மிளகாய். அந்தக் காந்தாரியில இருக்கு விசயம். கூடினா வாய் வெந்துரும், கொறஞ்சா வெறும் சீனிப்பாகு.

டூரிஸ்ட்டு வந்தா மொதக் கேள்வி என்ன கேப்பான் தெரியுமா? "இத நீங்க வீட்டுல சாப்புடுவீங்களா?" ஆமான்னு சொல்லணும். சொன்னா அது உண்மையா இருக்கணும். நான் பொய் சொல்லி யாவாரம் பண்றவன் இல்ல தம்பி. அதனால ஜெல்லி போட ஆரம்பிச்ச நாள்ல இருந்து எங்க வீட்டுல வேற தொட்டுக்கிற சாமானே கிடையாது. சட்னி கிடையாது, ஊறுகாய் கிடையாது, பொடி கிடையாது. தோசையில தடவிச் சுருட்டுனா ஜெல்லி. பிரெட்டுல வெண்ணெய்க்கு மேல ஜெல்லி. ஞாயித்துக்கிழம கோழி வறுத்தா, எறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு கரண்டி ஊத்திப் பெரட்டினா மினுமினுன்னு இருக்கும் பாருங்க, எச்சி ஊறும். சளி புடிச்சா சுக்குத் தண்ணியில. வெயில் அடிச்சா எலுமிச்ச ஜூஸ்ல. வரக்காப்பியில கூடப் போடுவேன். சிரிக்காதீங்க, போட்டுப் பாருங்க.

என் மக ஷைனி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போன டிபன் டப்பாவுல என்னைக்கும் சப்பாத்தியும் ஜெல்லியும்தான். கூடப் படிச்ச புள்ளைககிட்ட ஒரு துண்டு மாங்கா ஊறுகாய்க்குக் கெஞ்சுவாளாம். இதெல்லாம் கல்யாணம் கட்டிப் போனதுக்கு அப்பறம்தான் சொல்றா. அப்பன் வீட்டுச் சோறு கசந்துச்சாம். கசக்குமா தம்பி? சீனி போட்டது எப்படிக் கசக்கும்?

சரி, பிலோமினா கதைக்கு வர்றேன்.

எனக்கு நாக்கு கிடையாது. அதாவது இருக்கு, ருசி தெரியாது. பீடி ஒரு பக்கம், வினிகர் ஆவி ஒரு பக்கம், மரத்துப் போச்சு. காரம் கூடவா கொறச்சலான்னு எனக்குத் தெரியவே தெரியாது. பிலோமினாவுக்குத் தெரியும். அவளுக்குக் கொழந்த நாக்கு. ஒவ்வொரு தடவையும் சட்டியில பாகு பதம் வந்தவுடனே கூப்பிடுவேன். எங்க இருந்தாலும் ஓடி வரணும். சூடாத்தான் பாக்கணும், அதான் ரூல். ஆறினா இனிப்புத்தான் தூக்கலாத் தெரியும். ஊதக் கூடாது. ஒரு கரண்டி எடுத்து நாக்குல வைப்பேன். வச்சிட்டு அவ மூஞ்சியவே பாப்பேன். வாயால கேக்க மாட்டேன். கேட்டா என்ன சொல்லுவா? "நல்லாருக்குங்க"ம்பா. பொம்பளைக வாயி சொல்லும், மூஞ்சி பொய் சொல்லாது.

ஒண்ணும் ஆகலைன்னா அந்தச் சட்டிக்கு ஒரு மிளகாய் ஸ்டிக்கரு. மூக்க உறிஞ்சினா ரெண்டு மிளகாய். கண்ணுல தண்ணி வந்தா மூணு மிளகாய். அவ்வளவுதான் கணக்கு. இத்தன வருசத்துல ஒரு பாட்டில் மாறிப் போனதில்ல. டூரிஸ்ட்டு இருக்கானே, அவனுக்கு மூணு மிளகாய்தான் வேணும். வாங்கித் தின்னுட்டு ஹாஹான்னு வாயில விசிறிக்கிட்டே இன்னொரு பாட்டில் கேப்பான்.

இந்த வருசம் சீசனுக்கு முன்னாடி பாருங்க, கரண்டிய நாக்குல வச்ச ஒடனே அவ கண்ணு கொளமாயிருச்சு. எனக்கு என்னா சந்தோசம்! இந்த வருசம் காந்தாரி நல்ல வீரியம்னு நெனச்சேன். வெல ஏறிப் போச்சேன்னு சாதாரணமாப் போடுறதுல பாதிதான் போட்டிருந்தேன், அதுக்கே இப்படி. அடுத்த சட்டியில இன்னும் கொறச்சேன். அதுக்கும் அழுகுறா. அதுக்கடுத்தது, சும்மா பேருக்கு ரெண்டு மிளகாயக் கிள்ளிப் போட்டேன். அதுக்கும் கண்ணீரு தாரதாரையா ஊத்துது. கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருன்னு நெனச்சேன் தம்பி. மிளகாய்ச் செலவும் மிச்சம். எல்லாப் பாட்டில்லயும் மூணு மிளகாய் ஒட்டி அனுப்பிட்டேன்.

வீட்டுலயும் அதே கூத்துத்தான். தட்டுல ஜெல்லி வச்சா மூலையில ஒதுக்கி வச்சிருவா. "வாய் எரியுதுங்க, எனக்குத் தயிருஞ்சோறு மட்டும் போதும்"னு ஆரம்பிச்சா. தயிருஞ்சோறு மட்டும் போதும்னா, அப்ப என் ஜெல்லி என்னாத்துக்கு? யாராச்சும் கடக்காரன் வந்து பாத்தா என்ன நெனப்பான்? ஒரு நாளு கொல்லப்பக்கம் போறேன், தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு உக்காந்துக்கிட்டு, பால்ல நனச்ச பிரெட்டு தின்னுக்கிட்டிருக்கா. என் வீட்டுல, எனக்குத் தெரியாம! வாங்கி நாய்க்குப் போட்டேன். கோவம் வருமா வராதா? நாயும் தின்னுட்டு வாலாட்டுச்சு. அவ கையக் கழுவிக்கிட்டு உள்ள போயிட்டா.

"பல்லு நாக்குல குத்துது, பல் டாக்டரப் பாத்துட்டு வரட்டுமா?"ன்னு ஒரு தடவ கேட்டா. சீசன் நேரம். கிராம்பு வச்சுக்கன்னேன். அப்பறம் மோர் மட்டும் குடிக்க ஆரம்பிச்சா. சரி, பழக்கம் விட்டுறக் கூடாதேன்னு அதுல அரைக் கரண்டி ஜெல்லி கலந்து வச்சேன். தெரியாமத்தான் கலந்தேன். கொழந்தைக்கு மருந்து கலந்து குடுக்கிறதில்லையா? குடிச்சா. குடிச்சிட்டு அடுப்படித் தரையில உக்காந்து அழுதா. பாத்தீங்களா, மோர்ல கலந்தாக் கூட இந்தக் காரம் இருக்கேன்னு, அதையும் நல்ல சகுனமாத்தான் நெனச்சேன்.

அப்பறம் வந்துச்சு பாருங்க ஆப்பு.

ஏரிக்கரையில ஒரு பெரிய கட. அந்த மொதலாளி கூப்பிட்டு விட்டாரு. போனா, என் பாட்டிலு அத்தனையும் பெட்டி பெட்டியா வாசல்ல கிடக்கு. கடை நெறைய ஆளுக. "யோவ் சூசை, மூணு மிளகாய்னு ஒட்டியிருக்க. எங்க வீட்டுக் கைக்கொழந்த வழிச்சு நக்குதுய்யா. வயசாயிருச்சுன்னா யாவாரத்த விட்டுட்டு ஜெபம் பண்ணு"ன்னாரு. அங்கிட்டு நின்ன பயலுக எல்லாம் சிரிக்கிறான். என் மூஞ்சியில காறித் துப்பியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன். மத்தக் கடைகளும் திருப்பிருச்சு. ஒரு சீசன் பூராவும் போச்சு தம்பி. பேரு போச்சு. யாரால?

வீட்டுக்கு வந்தேன். நான் கை நீட்டுறவன் இல்ல, கொடைக்கானல்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. திரும்பி வந்த பாட்டிலத்தான் ஒண்ணொண்ணா அவ முன்னாடி செவுத்துல அடிச்சேன். "சீனிப்பாகுக்கு அழுதியாடி? யாருக்காக அழுத? உங்கப்பன் செத்ததுக்கா?"ன்னு கேட்டேன். அவ கீழ குனிஞ்சு கண்ணாடிச் சில்லப் பொறுக்குறா. பதில் சொல்லாம சில்லு பொறுக்குனா என்ன அர்த்தம்? நடிச்சிருக்கா. அதான அர்த்தம். மதுரையில மக வீட்டுல போய் உக்காந்து டிவி பாக்கணும், ஏசி காத்து வாங்கணும். அதுக்கு யாவாரம் படுக்கணும். பொம்பள புத்தி எப்படிப் போகுது பாருங்க.

மே மாசக் கடைசியில லீவுக்கு மகளும் மருமகனும் வந்தாங்க. ஞாயித்துக்கிழம, பூசைக்குப் போயிட்டு வந்து எல்லாரும் சாப்பிட உக்காந்தோம். நான் மொத நாளே ஒரு தனிச் சட்டி போட்டு வச்சிருந்தேன். குடமிளகாய் கிடையாது, சுத்தக் காந்தாரி. கிண்டும்போதே எனக்குக் கண்ணு எரிஞ்சுச்சு, எனக்கே! அதச் சூடு பண்ணிக் கொண்டாந்து பிலோமினா தட்டுல ஒரு குழிக்கரண்டி வச்சேன்.

"ஏங்க, இன்னைக்கு மட்டும் வேணாங்க"ன்னா. "நாக்குல ஒரு பக்கம் ஆறாத புண்ணா இருக்குங்க."

"உனக்கு எந்நாளும் புண்ணுதான். தின்னு."

ஷைனி குறுக்க வந்தா. "அப்பா, விடுங்கப்பா. அம்மாதான் வேணாங்கிறாங்கள்ல?"

"நீ பேசாத. இது எங்க யாவாரம். உங்கம்மா அழுகையோட யோக்கியத என்னன்னு உன் புருசனும் பாக்கட்டும்"னேன்.

பிலோமினா மகளப் பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. சோத்துல பெசஞ்சா. தின்னா. ஒரு வாய், ரெண்டு வாய், தட்டுல இருந்தது அம்புட்டும். கண்ணு ரெண்டும் மேசையவே பாத்துக்கிட்டிருக்கு. இடது கையில முந்தானைய இறுக்கிப் புடிச்சிருக்கா, நகம் வெளுத்துப் போயிருக்கு. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி? ம்ஹும். வரல தம்பி. வரவே இல்ல.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு சந்தோசம். மேசையத் தட்டினேன். "பாத்தீங்களா மாப்ள! சுத்தக் காந்தாரியத் தின்னுட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருக்கா. இவதான் சீனிப்பாகுக்கு அழுதவ. அது நடிப்பு இல்லாம என்னா?" மருமகன் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டாரு. அவருக்குக் காரம் ஆகாது, பாவம்.

பிலோமினா தட்ட எடுத்துக்கிட்டுக் கொல்லப்பக்கக் கொழாய்க்குப் போனா. கொஞ்ச நேரங்கழிச்சு ஷைனி கத்துறா. போய்ப் பாத்தா, இவ கொழாயடியில குனிஞ்சு கொப்புளிக்கிறா, தண்ணியெல்லாம் செவப்பா ஓடுது. நான் ஜெல்லிதான்னு நெனச்சேன். மக செல்போன் லைட்ட அடிச்சு வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தா. நாக்கோட ஓரத்துல, அடிப்பக்கம், என்னமோ பள்ளமா இருந்துச்சாம். நான் பாக்கல. எனக்கு ரத்தம் ஆகாது. "எத்தன நாளாம்மா இது? எத்தன நாளா?"ன்னு மக கேக்குறா. அவ என்னையப் பாக்குறா. என்னையப் பாத்தா எனக்கு எப்படித் தெரியும்? ஒரே வீட்டுல இருக்கோம், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

ஒடனே மதுரை ஆஸ்பத்திரிக்குன்னு கார்ல ஏத்திட்டாங்க. என்னையும் கூப்பிட்டாங்க. நான் எப்படிப் போறது? அடுப்புல அடுத்த சட்டி கொதிச்சுக்கிட்டிருக்கு. பதம் தப்பினா கல்லாயிரும். போயிட்டு போன் பண்ணுங்கன்னேன்.

புத்துநோயாம் தம்பி. நாக்குல. முன்னாடியே வந்திருந்தா நகக்கண்ணு அளவுதான் வெட்டி எடுத்திருப்போம்னு டாக்டரு சொன்னாராம். டாக்டருக சொல்றதுதான அது. சரியான நேரத்துக்கு வந்தீங்கன்னு என்னைக்காவது ஒரு டாக்டரு சொல்லியிருக்காரா? காரம் எரியிறதுதான் மொத அறிகுறியாம். சாதாச் சோறு கூட எரியுமாம், அப்பவே வீட்டுல இருக்கவங்க கவனிச்சிருக்கணுமாம். மக போன்ல கத்துறா. "சீசன் பூராவும் அம்மா உங்க முன்னாடி அழுதிருக்காங்கப்பா. நீங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க!" பேச்சப் பாருங்க. காரத்துக்கு அழுகுறாளா நோய்க்கு அழுகுறாளான்னு கண்ணீருல எழுதியா ஒட்டியிருக்கு? நான்தான் ஏமாந்தவன். என் யாவாரந்தான் படுத்துச்சு. அத யாரும் கேக்க மாட்டேங்குறாங்க.

ஆபரேசன் அன்னைக்குப் போக முடியல. கீழ இருந்து கொய்யா வந்து எறங்கியிருந்துச்சு, விட்டா அழுகிரும். அப்பறம் ஒரு நாளு போனேன். போகாம இருப்பனா? கட்டினவ இல்லையா? மூக்குல குழாய் சொருகியிருந்துச்சு. அது வழியாத்தான் கஞ்சி. என்னையப் பாத்தவுடனே மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. சன்னல் வெளிச்சம் கண்ணக் கூசுது போலருக்கு. பேச்சு வரல. கையத் தூக்கி இப்படி, விரல விரிச்சு, இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக் காமிச்சா. ஷைனி சொல்றா, "அம்மா உங்களப் போகச் சொல்றாங்க. முடிஞ்சு போச்சுங்கிறாங்க"ன்னு. மகளுக்கு என்ன தெரியும்? கூட வாழ்ந்தவன் எனக்கில்ல தெரியும். பாட்டில் மூடி திருகுற மாதிரி காமிச்சா தம்பி. மூடியெல்லாம் சரியா இறுக்கி அனுப்புறீங்களான்னு கேக்குறா. அந்த நெலமையிலயும் யாவார நெனப்பு! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்படியாப்பட்ட பொம்பள தம்பி அவ. நான் கோவக்காரன்தான், ஆனா அவ மேல எனக்குப் பிரியம் இல்லாம இல்ல.

அதுக்கப்பறம் மக என்னைய வர வேணாம்னுட்டா. போன எடுக்குறதில்ல. நானும் விட்டுட்டேன். ஆனா இப்ப ரெண்டாம் சீசன் வருது. ஆயுத பூசை லீவுக்குக் கூட்டம் அள்ளும். ஏரிக்கரை மொதலாளி கையக் காலப் புடிச்சு, ஒரே ஒரு சட்டி, சரியான மூணு மிளகாய் கொண்டா, பாக்கலாம்னு சொல்ல வச்சிருக்கேன். போட்டுட்டேன். ஆனா காரம் இருக்கா இல்லையான்னு நான் எப்படிச் சொல்றது? பக்கத்து வீட்டுக்காரி வாயில வச்சேன், நல்லாருக்குங்கிறா. பால்காரன் நல்லாருக்குங்கிறான். எல்லாரும் நல்லாருக்குங்கிறான், ஒரு பய மூஞ்சியும் உண்மையச் சொல்ல மாட்டேங்குது. பிலோமினா மாதிரி ஒரு மூஞ்சி இல்ல தம்பி. இல்லவே இல்ல.

அதான் பொறப்பட்டுட்டேன். இந்தப் பையில அந்தச் சட்டியில இருந்து ஒரு பாட்டிலு இருக்கு. நீங்க குடிச்சதும் அதான், தண்ணி கலந்தது. அவளுக்குக் கலக்க மாட்டேன். மக வேலைக்குப் போற நேரமாப் பாத்துத்தான் போறேன். மருமகனும் இருக்க மாட்டாரு. பிலோமினா மட்டும்தான் இருப்பா. கதவத் தட்டினாத் தொறக்கத்தான செய்யணும்? யாருன்னு உள்ள இருந்து கேக்கவா போறா, பேச்சுத்தான் இல்லையே. அவ அடுப்புலயே சூடு பண்ணிக்கிடலாம். ஒரே ஒரு கரண்டி. வச்சு, மூஞ்சியப் பாத்துட்டு, அடுத்த பஸ்ல ஏறிருவேன். தொந்தரவே குடுக்க மாட்டேன்.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? நாக்கா? நாக்கு இருக்கு. பூராவுமா எடுத்துட்டாங்க? பாதிதான எடுத்தாங்க. மிச்சம் பாதி இருக்குல்ல. ருசி பாக்க அது போதும்.

எங்க எந்திரிக்கிறீங்க? இது வத்தலகுண்டு. நீங்க மதுரைன்னு சொன்னீங்களே. உக்காருங்க, உக்காருங்க. கொஞ்சம் இங்கிட்டுத் திரும்புங்க, மூஞ்சியக் காமிங்க. அட! கண்ணுல தண்ணி ஊத்துதே! இப்பத்தான் ஏறுதா? நான்தான் அப்பவே சொன்னேன்ல, மெதுவாத்தான் ஏறும்னு. அப்ப மூணு மிளகாய்தான் தம்பி. சந்தேகமே இல்ல, மூணு மிளகாய். இருந்தாலும் எதுக்கும் அவ கிட்டயும் ஒரு தடவ வச்சுப் பாத்துடுறேன்.